பெரியவர் தோற்ற அன்று

செக்கிங்காரர் அன்று ஜெயித்துவிட்டார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் குடோனில், கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த செருப்புப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் ஆடிய அறுபத்தோராவது ஆட்டம் அது. அதற்கு முந்தைய அறுபதிலும் தோல்வி. ஒன்றில்கூடத் தப்பித்தவறி ஜெயித்ததில்லை.

போனில் ஆடுகிற சீட்டு. ஆளுக்கு ஒன்பது சீட்டு. ஒரு ராணி, ஒரு மந்திரி, மிச்சமெல்லாம் சிப்பாய்கள். எதிராளியின் கோட்டையை முதலில் பிடிக்கிறவருக்கு வெற்றி. ராணிக்குப் பலம் அதிகம். ஆனால் ஒரு முறை இறக்கிவிட்டால் கைக்குத் திரும்பி வரமாட்டாள். அவளை எப்போது இறக்குவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் செக்கிங்காரரின் உத்தியோகம். ஒட்டு விலகிய பெட்டி, மடிப்பு கோணிய மூடி, ஒரு விரல்கடை அதிகமாக நீண்ட விளிம்பு எல்லாம் பத்தடி தூரத்திலிருந்தே அவர் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்திவிடுவார். பசை மெஷின் அம்மாள் அவரைக் கண்டாலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராகிவிடுவாள்.

அப்படிப்பட்டவர் தன் தப்பை மட்டும் சும்மா விடுவாரா? ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எழுதிவைத்தார்.

'தப்பு 1: எடுத்த எடுப்பிலேயே ராணியை இறக்கியது.'

'தப்பு 2: தப்பு ஒன்றையே மறுபடியும் செய்தது.'

'தப்பு 17: எதிராளி யோசிக்கிறார் என்று காத்திருந்தது. யோசிக்க வேண்டியது நான்.'

'தப்பு 31: சாப்பிட்ட கையோடு போனைத் தொட்டது. மந்திரி தானாக வழுக்கிப் போய் இறங்கிவிட்டார்.'

எதிராளி எப்போதும் ஒரே ஆள்தான். பெயர் 'பெரியவர்'. வட்டத்துக்குள் சின்னதாக ஒரு படம்: வழுக்கைத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு முறை ஜெயித்த பிறகும் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும்: 'நல்ல முயற்சி! தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.'

அன்று அது வரவில்லை. ராணியைக் கடைசிவரை கைக்குள் பொத்திவைத்திருந்து, சரியான சமயத்தில் செக்கிங்காரர் இறக்கினார். பெரியவரின் கோட்டை பொலபொலவென்று சரிந்தது. திரை முழுக்கப் பூ கொட்டியது. கீழே பச்சை நிறத்தில் ஏதோ ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. செருப்புப் பெட்டிகளின் மேலேயே எழுந்து நின்று, "அடிச்சேன் பாரு!" என்று கத்தினார்.

அதே நிமிஷம் எதிரே மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

மேனேஜர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. நேரே பசை மெஷினுக்குப் போய், "என்ன ஒட்டு ஒட்டறீங்க? தப்பு பண்ணினா அதுலேர்ந்து கத்துக்க வேணாமா?" என்று எரிந்து விழுந்தார். அவருடைய வழுக்கைத் தலையில் டியூப் லைட் மின்னியது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது.

செக்கிங்காரர் பெட்டிகளிலிருந்து மெல்ல இறங்கி, போனைச் சட்டைப்பைக்குள் மறைத்தார்.

தொழிற்சாலையில் எல்லோரும் மேனேஜருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயரே 'பெரியவர்'தான். மெஷின்காரர்கள் சாப்பிட்டு மெஷினுக்குத் திரும்பிய பிறகு, தினமும் சரியாக ஒன்று பத்துக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். ஒன்று நாற்பதுக்குத்தான் வெளியே வருவார். செக்கிங்காரரும் தினமும் ஒன்று பத்துக்குத்தான் போனைத் திறப்பார். திறந்தவுடன் பெரியவர் தயாராக இருப்பார்.

பத்தடி தூரத்திலிருந்து ஒட்டு விலகியதைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது ஒரு கஷ்டமா?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜரையா ஜெயிச்சீங்க?"

"எனக்கு அவருன்னு தெரியாதே."

"சூப்பர்வைசர் வேலைக்கு மாசக் கடைசியில பேரு போடப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த நேரம் பார்த்தா ஜெயிக்கணும்?"

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றதா? நாளைலேர்ந்து தோத்துடுங்க." தலையணை உறையை உதறினாள். "தோக்கறது என்ன உங்களுக்குப் புதுசா?"

புதிதில்லைதான். ஆனால் மறுநாள் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தெரிந்தே தோற்பது எவ்வளவு சிரமம் என்று. இரண்டு மாதம் எழுதி எழுதி மனப்பாடம் செய்தது விரலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கை தானாகவே நல்ல சீட்டுக்குப் போயிற்று. வேறு வழியில்லாமல் நோட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தப்பாகச் செய்தார். முதல் நாள் எடுத்த எடுப்பில் ராணியை இறக்கினார். இரண்டாம் நாள் தப்பு ஒன்றையே மறுபடி செய்தார். வேண்டுமென்றே கையைக் கழுவாமலும் ஒரு நாள் ஆடிப் பார்த்தார்.

பெரியவருக்குப் பரம திருப்தி. 'நல்ல முயற்சி!' என்று தினமும் சொன்னார்.

ஆனால் அறைக்கு வெளியே மேனேஜரின் முகத்தில் ஒரு தெளிவும் இல்லை. சூப்பர்வைசர் பட்டியலைப் பற்றியும் பேச்சில்லை.

"நீங்க விட்டுக்கொடுக்கறது அவருக்குத் தெரிஞ்சாத்தானே?" என்றாள் மனைவி. "இன்னார்தான் ஆடறோம்னு நாசூக்கா காதுல போட்டு வைங்க."

நாசூக்கு என்ற சங்கதி செக்கிங்காரருக்குக் கைவந்ததில்லை. சிவப்பு முத்திரைதான் அவருக்குப் பழக்கம். ஆனாலும் மறுநாள் காலை, மாதிரிப் பெட்டிகளைக் காட்டுகிற சாக்கில் மேனேஜர் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் ஒண்ணு பத்துக்கு நீங்க உள்ள என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியும்."

மேனேஜர் கையிலிருந்த பேனா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது.

"என்ன... என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும் சார். ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமாவா!" மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். கதவின் சாவித் துவாரத்தைப் பார்த்தார். "எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"என் தொழிலே அதுதானே சார்."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"வீட்டுல மட்டும் சொன்னேன் சார். அவ வாயைத் திறக்க மாட்டா."

"என் வீட்டம்மா காதுக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன். தெரியுமில்ல?"

"ஏன் சார், அம்மாவுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காதாவா? மூணு மாசத்துக்கு முந்தி டாக்டர் முன்னாடி என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காய்யா!"

சீட்டாடுவதற்கு டாக்டர் எதற்கு என்று செக்கிங்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. ரத்தக் கொதிப்பு இருக்கும், தோற்றால் ஏறும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இனி ஒரு ஆட்டமும் ஜெயிக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தார்.

"நீங்க கவலையே படாதீங்க சார். உங்களுக்கு எது சந்தோஷமோ அதுதான் எனக்கும்."

அன்று மாலையே செக்கிங் மேஜைக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. மறுநாள் ஒரு தனி மின்விசிறியும் வந்தது. பசை மெஷின் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சார், நாங்க பதினோரு வருஷமா ஒரு ஃபேன் கேட்டுக்கிட்டிருக்கோம். அதென்ன உங்களுக்கு மட்டும் காத்து வீசுது?"

"திறமைம்மா, திறமை."

ஆனால் மேனேஜர் பயந்துபோய்விட்டார். அந்த வாரம் முழுக்க ஒன்று பத்துக்கு அறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரே பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் வீட்டிலிருந்து வந்த டப்பா. அதில் உப்பில்லாமல் வேகவைத்த கேரட்டும் பீன்ஸும். ஒரு கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையிலிருந்த போனை வெறித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிகளின் மேலிருந்து செக்கிங்காரர் எட்டிப் பார்த்தார். மேனேஜர் கையில் போன். தன் போனில் பெரியவர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நாளாக ஆக மேனேஜர் வாடினார். கன்னம் ஒட்டியது. கோபம் மட்டும் கொழுத்தது. லாரி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் கத்தினார். ஐந்து நிமிஷம் முன்னால் வந்தாலும் கத்தினார். நன்றாக ஒட்டிய பெட்டியை வாங்கிப் பிய்த்துப் பார்த்து, ஏன் பிய்ந்தது என்று கேட்டார். தொழிற்சாலை நடுங்கியது.

செக்கிங்காரர் நோட்டில் எழுதினார்: 'தப்பு 62: ரொம்பச் சுலபமாகத் தோற்பது. எதிராளிக்கு ருசிக்கவில்லை.'

கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்க ஆடினால் எப்படி ருசிக்கும்? சனிக்கிழமை காலை அவரே போய்ச் சொன்னார்.

"சார், நீங்க பழையபடி கதவைச் சாத்திக்குங்க. நிம்மதியா உங்க வேலையைப் பாருங்க. வெளியே நான் காவல் இருக்கேன். ஒரு ஈ உள்ள வராது."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோவ்... நீ மனுஷன்யா. நான் கூட உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். சூப்பர்வைசர் பட்டியல் இருக்கில்ல? அதுல யார் பேரு முதல்ல இருக்குன்னு திங்கக்கிழமை பாரு."

அன்று ஒன்று பத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. செக்கிங்காரர் மெத்தை நாற்காலியைக் கதவுக்கு முன்னால் குறுக்கே போட்டு உட்கார்ந்து, போனைத் திறந்தார். இந்த முறை கவனமாக, போராடுவது போல் போராடி, கடைசிச் சீட்டில் தோற்றார். அதே சமயம் உள்ளேயிருந்து, "ஆஹா... ஆஹாஹா..." என்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. செக்கிங்காரருக்கு உடம்பு புல்லரித்தது. ஒரு மனுஷனை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மேனேஜரின் கன்னம் திரும்ப உப்பியது. கோபம் இறங்கியது. திங்கட்கிழமை பட்டியலில் செக்கிங்காரர் பெயர் முதலில் இருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டியதுதான் பாக்கி.

பசை மெஷின் பக்கம் மட்டும் குசுகுசுப்பு ஓயவில்லை. "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ஒருத்தர், நாற்காலி போட்டு வெளியில ஒருத்தர். என்னதான் நடக்குது அங்கே?" என்று பசை மெஷின் அம்மாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்று இருபதுக்கு ஆட்டம் மும்முரமாக இருந்தபோது செக்கிங்காரரின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். மேனேஜரின் மனைவி. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நின்ற நிற்பிலேயே எதிரே இருப்பவர் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறவர்.

"அவர் பிரஷர் மாத்திரையை வெச்சுட்டு வந்துட்டார். கொடுத்துட்டுப் போறேன். நகருப்பா."

"அம்மா, சார் இப்ப... உள்ள முக்கியமான வேலையா இருக்கார்மா."

"சாப்பாட்டு நேரத்துல என்ன வேலை?"

செக்கிங்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. ஒரு அரை மணி நேரம் மனசு லேசாகறதுக்காக... தினமும் இந்த நேரத்துக்கு... நீங்க கோபப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல."

"தினமுமா? என்னது தினமும்?"

போன் கையில் துடித்தது. செக்கிங்காரர் பதற்றத்தில் திரையைப் பார்த்தார். பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் நேரமாகும்மா. ராணியை இன்னும் விட மாட்டேங்கறார்."

தலைமையாசிரியை அம்மாளின் கைப்பை நழுவியது.

"ராணியா?"

"ஆமாம்மா. கையிலேயே வெச்சுக்கிட்டிருக்கார்."

பசை மெஷின் நின்றது. மடிப்பு மெஷினும் நின்றது. குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்மா. ஆனா சார் ரொம்பத் திறமைசாலி. ராணி இல்லேன்னா கூட மந்திரி..."

அதற்குள் அந்த அம்மாள் நாற்காலியோடு அவரைத் தள்ளிவிட்டுக் கதவை இடித்தார். பள்ளிக்கூட மணியை நிறுத்திவைக்கிற குரலில் ஒரு சத்தம் போட்டார். தாழ்ப்பாள் நடுங்கிக்கொண்டே விலகியது.

உள்ளே ராணி யாரும் இல்லை. மேஜையின் மேல் இந்தத் தொழிற்சாலையிலேயே செய்த கேக் பெட்டிகள் மூன்று. மூன்றும் திறந்திருந்தன. இரண்டில் துகள் மட்டும் மிச்சம். மூன்றாவதில் பாதி சாக்லேட் கேக். கேரட்டும் பீன்ஸும் டப்பாவோடு குப்பைக்கூடையில் கிடந்தன. மேனேஜரின் மூக்கு நுனியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு பொட்டு க்ரீம்.

"பெட்டி... பெட்டி கேக்கைத் தாங்குதான்னு பரிசோதனை பண்ணிக்கிட்டிருந்தேன்," என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"ராணி எங்கே?"

"எந்த ராணி?"

"நீங்க கையிலேயே வெச்சுக்கிட்டிருக்கற ராணி!"

மேனேஜர் கையைப் பார்த்தார். அதில் கேக்தான் இருந்தது. எல்லோரும் மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். வாசலில் செக்கிங்காரர் போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சீட்டும்மா," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ராணிங்கறது சீட்டு. சாரும் நானும் போன்ல ஆடற சீட்டு."

"நான் சீட்டு ஆடறேனா?" மேனேஜர் எழுந்தார். "எனக்கு அதைத் திறக்கவே தெரியாதேய்யா!"

"அப்ப நீங்க போனைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே சார்?"

"கேக் படம் பார்த்துக்கிட்டிருந்தேன்யா! சாப்பிட முடியலைன்னு படமாவது பார்த்தேன்!"

அந்த அம்மாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது கண்ணோரத்தில் ஒரு விநாடி தெரிந்தது. அடுத்த விநாடி கேக் பெட்டியைப் பார்த்தார். நிம்மதி போய்விட்டது.

"உங்களை வீட்டுல பேசிக்கறேன்," என்றார் கணவரிடம்.

மேனேஜர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து சூப்பர்வைசர் பட்டியலை எடுத்தார். முதல் பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் யோசித்து, குறுக்கே இன்னொரு கோடும் இழுத்தார்.

"சீட்டு விளையாடினதுக்கா நான் உனக்கு நாற்காலி கொடுத்தேன்? ஃபேன் கொடுத்தேன்? நீ மிரட்டறேன்னு நினைச்சேனேய்யா!"

"நானா சார் மிரட்டினேன்? உங்களுக்காக இருபது நாளா வேணும்னே தோத்துக்கிட்டிருக்கேன் சார்! இந்த நோட்டைப் பாருங்க, ஒவ்வொரு தப்பையும் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கேன்!"

பசை மெஷின் அம்மாள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தார் செக்கிங்காரர்.

"சிவப்பு முத்திரை எங்க சார் வெச்சிருக்கீங்க?" என்றாள். "ஒரு பக்கம் விடாம குத்தணும்."

செக்கிங்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு இப்போது வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. போனைப் பார்த்தார். வட்டத்துக்குள் வழுக்கைத் தலை அசையாமல் காத்துக்கொண்டிருந்தது.

"அப்போ இது யாரு சார்?" அழுதுவிடுவார் போலிருந்தது. "ரெண்டு மாசமா, ஒரு நாள் தவறாம, நான் எப்ப ஒண்ணு பத்துக்குத் திறந்தாலும் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காரே? எனக்குப் புத்தி சொல்றாரே? நம்ம ஃபேக்டரியில வேற யாருக்கு ஒண்ணு பத்துக்கு ஓய்வு?"

தலைமையாசிரியை அம்மாள் கையை நீட்டினார். செக்கிங்காரர், விடைத்தாளைக் கொடுக்கிற மாணவன் போல், போனைக் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழ்வரை, அடியில் பொடி எழுத்தில் இருந்த விதிகள் உட்பட, ஒரு முறை படித்தார். பிறகு, அன்று அந்தத் தொழிற்சாலையில் அவர் பேசியதிலேயே மிகவும் மென்மையான குரலில் சொன்னார்:

"நீ காலைல ஆறு மணிக்குத் திறந்தாலும் இவர் இங்கேதான்ப்பா உக்காந்திருப்பார், இது ஆளே இல்ல, அசல் ஆட்டத்துக்கு முன்னாடி சின்னப் பிள்ளைங்க பழகிக்கறதுக்கு வெச்சிருக்கற பொம்மை, ஒரு தடவை ஜெயிச்சுட்டு அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கியிருந்தா அன்னைக்கே உன்னை மனுஷங்களோட ஆட விட்டிருக்கும்."